எங்கள் பம்பின் புள்ளி

எழுபதுகளில் தர்மபுரியில் ஓர் அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளராக இருந்தேன். பிள்ளைகளின் பற்களில் காவிக்கறை படிவதும் கால்கள் வளைவதும் தண்ணீரால்தானா என்று அறிய ஒரு டாக்டர் ஊர் ஊராகப் போய்வந்தார். அவர் பாட்டில்களில் பிடித்து அனுப்பும் தண்ணீரின் சோதனை முடிவுகளை வரைபடத் தாளில் குறிப்பது என் வேலை. கீழ்க்கோட்டில் தண்ணீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு உப்பு. பக்கக்கோட்டில், அதைக் குடிக்கும் பிள்ளைகளில் எத்தனை பங்குக்குக் கறை என்பது. ஒரு கிணற்றுக்கு ஒரு புள்ளி.

முதலில் புள்ளிகள் கொட்டிப்போன கடுகு மாதிரிதான் கிடந்தன. கூடக்கூட, இடமிருந்து வலமாக மேலேறும் ஒரு தடம் தெரிந்தது. அதன் உச்சியில் தனியாக ஒன்று. நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் தெருவின் அடிபம்பு அது. பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

அந்தப் பம்பைப் போட்டவர் என் அண்ணன். கிணறெல்லாம் வற்றிய காலத்தில் தன் நிலத்தில் ஆழமாக போர் இறக்கி, தெருவுக்கே தண்ணீர் விட்டவர். அதைக் குடித்து வளர்ந்த அவர் மகளுக்கு முழங்கால்கள் வளைந்திருந்தன. சத்துக் குறைவு என்று நினைத்து முட்டை கொடுத்துவந்தார்கள்.

டாக்டரிடம் கேட்டுத் தாளை ஊருக்கு எடுத்துப்போனேன். விளக்கியதை அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல நம்ம பம்பு எதும்மா?"

காட்டினேன். அவர் விரல் அங்கே நிற்கவில்லை. தடத்தை விட்டுக் கீழே விலகிக் கிடந்த வேறொரு புள்ளிக்குப் போனது.

"இங்கயும் உப்பு அதிகந்தானே. இந்தப் புள்ளைங்க நல்லாத்தானே இருக்குதுங்க?"

அவர்கள் காவிரிக் கரையிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள், அந்தத் தண்ணீரை இன்னும் அதிகம் குடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் அண்ணன் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார். தெருவே வந்து சண்டை போட்டது. ஏரியோரத்து ஊற்றுக்கிணற்றில் சோதித்துப் பார்த்த நல்ல தண்ணீர் இருந்தது. தூரம்தான். அண்ணி அங்கிருந்து சுமந்தார். கால் நேராகுமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, இனி மேலும் வளையாமல் பார்த்துக்கொள்ளலாம், வளைந்தது திரும்பாது என்றார்.

பிறகு பிறந்த பையனுக்குக் கால்கள் நேராக இருந்தன. அவன் தெருவில் ஓடுவதை நாங்கள் ஆசையாகப் பார்ப்போம். அவன் அக்காவும் சுவரைப் பிடித்து நின்று சிரிப்பாள். அண்ணன் மட்டும் எழுந்து காட்டுப்பக்கம் போய்விடுவார்.