மாலில் எதிரே வந்தவர்

வில்மா ப்ரோஹாஸ்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒஹாயோவில் எங்கள் ஊர் மாலில், செருப்புக் கடையில் காலமெல்லாம் குனிந்து ஊரார் காலுக்கு அளவெடுத்தவள். கடையும் மூடி, புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் விரட்டினார். வெளியே பனி, விழுந்தால் இடுப்பு போய்விடும். அதனால் அதே மாலுக்கு நடக்க வந்தாள். அங்கே கடைகள் ஒவ்வொன்றாக நடையைக் கட்டிக்கொண்டிருந்தன. நீரூற்று வற்றிவிட்டது. பாதி விளக்கை அணைத்துவிட்ட முதலாளிகள் நன்றாக இருக்கட்டும், காலையில் கதவையாவது திறந்துவிட்டார்கள். கூட்டம் குறையக் குறைய நடக்கத் தாராளமாக இடம் கிடைத்ததில் வில்மாவுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

அவளைப் போல அங்கே நடக்க வருபவர்கள் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவது வழக்கம். யாரும் போட்ட சட்டமில்லை, யாரும் மீறுவதுமில்லை. எமில் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மட்டும் எதிர்த்திசையில் வருவார். பஸ் ஓட்டியவருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாதா என வில்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சுற்றிலும் அப்படியே. திமிர் பிடித்த மனுஷன் என்று தோழி பெர்னிஸிடம் பொருமினாள். நாளடைவில் அந்தத் தொப்பி கண்ணில் படாத காலைகள் சப்பென்று இருந்தன. அதை மட்டும் பெர்னிஸிடம் சொல்லவில்லை.

மால் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், வெள்ளிக்கிழமையோடு சரி என்று காவலாளி சொன்னபோது வில்மாவுக்கு முதலில் அந்தத் தொப்பிதான் ஞாபகம் வந்தது. எமிலின் வீடு தெரியாது, போன் நம்பர் தெரியாது. கதவை மூடினால் அவரை எங்கே போய்த் தேடுவது?

கடைசி நாள் எல்லோரும் டோனட் வாங்கிவந்து வற்றிய நீரூற்றைச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். ஒரே சிரிப்பு. வில்மா நேராக எமில் முன்னால் போய் நின்றாள்.

"இன்னைக்காவது சொல்லுங்க எமில். எதுக்கு எதிர்ப்பக்கமாவே நடந்தீங்க?"

அவருக்குக் காது சிவந்துவிட்டது. "பின்னாடியே நடந்தா உங்க முதுகுதாங்க தெரியும். எதிர்ல வந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை முகத்தைப் பாக்கலாம்."

"இதைச் சொல்லவைக்க ஒரு கட்டடத்தையே இடிக்க வேண்டியிருக்கு," என்றாள் பெர்னிஸ், வாய் நிறைய டோனட்டோடு.

வில்மா அவசர அவசரமாகக் கைப்பையில் பேனாவைத் தேடி எடுத்தாள். ஒரு காகிதக் கைக்குட்டையில் தன் வீட்டு விலாசத்தை எழுதி அவர் சட்டைப் பையில் திணித்தாள்.

"நாளைக்கு காபி போட்டு வைக்கிறேன். நடந்து கிடந்து வராதீங்க, கார்ல வாங்க. சீக்கிரம் வந்துடலாம்."