சேலைக்கடை மேசையில் என் ஓவியம்

என் ஓவியத்தைச் சுருட்டி வைத்த, விமானத்தில் நசுங்கிப்போன அட்டைக் குழாயோடு, பாரிஸின் தமிழ்க் கடைவீதியான லா சப்பலில் ஒரு சேலைக்கடைக்குள் நுழைகிறேன். நாளை என் ஓவியக் கண்காட்சி. துணி சுற்றி வரும் கெட்டிக் குழாய் ஒன்று இங்கே கிடைக்காமலா போகும்?

கடைக்கார அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். குழாய் தருகிறார், ஆனால் படத்தைப் பார்க்க வேண்டுமாம். மேசைமேல் கிடந்த பட்டுச்சேலைகளை ஒதுக்கிவிட்டு என் பருத்தித் துணியை விரிக்கிறேன். பாரசீக எழுத்துகளின் வளைவுகள், கருநீல மையில், இரண்டு ஆள் நீளத்துக்கு ஓடுகின்றன.

"இதிலை என்ன எழுதிக் கிடக்கு, தங்கச்சி?"

"ஒண்ணும் இல்லக்கா. எழுத்தோட வளைவு மட்டும்தான். படிக்க முடியாது."

"வாசிக்கேலாதெண்டால் பிறகென்னத்துக்கு எழுத்து?"

"உங்க சேலைக் கரை பூரா மாங்கா இருக்கே, எடுத்துத் திங்கவா போறீங்க?"

அவர் சிரித்துவிடுகிறார். சிரித்தபடியே, சேலை வாங்க வருகிறவர்கள் செய்வதுபோல, துணியின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் போடுகிறார். மை ஊறி, அதே வளைவுகள் பின்பக்கத்தில் திசை மாறி, வெளிறிய நீலத்தில் கிடக்கின்றன. சென்னையில் வரைந்தபோது அதை வெறும் கறை என்று விட்டிருந்தேன்.

"இதிலை எது நல்ல பக்கம்?"

"ரெண்டும்தான்," என்கிறேன், கொஞ்சமும் தயங்காமல்.

வெளியே வந்து, மெட்ரோ பாலத்தடியில் நின்றபடி கண்காட்சிக் கூடத்துக்குப் போன் செய்கிறேன். சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். கூடத்தின் நடுவே ஒரு கயிறு கட்டுங்கள், சேலை காயப்போடுகிற உயரத்துக்கு.