கிருபாவைக் கூப்பிட்டது யார்

நான் ஏசி மெக்கானிக். ஓர் இடத்தில் விநோதமாகச் சத்தம் கேட்டால் எனக்குப் பேய் ஞாபகம் வராது, பேரிங் தேய்ந்திருக்கும் என்றுதான் தோன்றும். பத்தாவது வரைக்கும்தான் படித்திருக்கிறேன், ஆனாலும் ஆவி, காத்துக் கருப்பு எதையும் ஒரு நாளும் நம்பினதில்லை. நம் காலனி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ இருமுகிறார்கள் என்று பிள்ளைகள் நீங்களெல்லாம் அலறினபோது, ஏறிப் போய்க் காற்று அடைத்த குழாயைக் கழற்றிக் காட்டியவன் நான்தான். இப்போது நீங்களே வந்து என் மகள் கிருபாவுக்கு மலையில் என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

கிருபாவுக்குக் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். காது மெஷின் மாட்டினால் ஓரளவு கேட்கும், கழற்றினால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் திரும்ப மாட்டாள். அதனால் எங்கள் வீட்டில் அவளைக் கூப்பிட ஒரு வழி உண்டு. தரையில் காலால் தட்டுவோம். டைல்ஸ் தரையில் தட்டினால் அந்த அதிர்வு அவள் பாதத்துக்குப் போய்விடும். அம்மா என்றால் ஒரு தட்டு, நான் என்றால் இரண்டு. குழந்தையாக இருந்ததிலிருந்து இப்படித்தான், இதில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

போன மே மாத லீவில் நான், என் மனைவி ஸ்டெல்லா, கிருபா, ஸ்டெல்லாவின் தம்பி ஜெபராஜ் நான்கு பேரும் மலைக்குப் போனோம். ஊர் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அங்கே ஆற்றை ஒட்டி ஒரு சோலைக்காடு இருக்கிறது. தைல மரம் மாதிரி யாரோ கொண்டு வந்து நட்டது இல்லை, மலை தோன்றின நாளிலிருந்து தானாக வளர்ந்தது என்றார் எங்களைக் கூட்டிப் போன வேலு அண்ணன். அந்த ஊர்க்காரர், அதிகம் பேச மாட்டார். மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசி போர்த்திக்கொண்டு நிற்கும். உள்ளே வெயில் இறங்காது. காலடியில் காய்ந்த இலை மெத்தை மாதிரி கிடக்கும், நடந்தால் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்காது.

ஜெபராஜைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் சந்தேகம் முழுக்க அவன் மேல்தான். பொழிச்சலூரில் மொபைல் கடை வைத்திருக்கிறான், வயது இருபத்தெட்டு, புத்தி உங்கள் வயதுதான். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து "பே" என்று கத்துவது, நான் தூங்கும்போது செருப்பை மாற்றி வைப்பது, இதெல்லாம் அவன் வேலை.

இப்படிப்பட்ட விஷயம் எப்போதும் நடுராத்திரியில்தான் நடக்கும் என்பார்கள். இது காலை பதினொரு மணி. ஆற்றங்கரையில் ஒரு பெரிய தட்டைப் பாறை இருந்தது, அதில் உட்கார்ந்து டிபன் பிரித்தோம். கிருபா கணுக்கால் தண்ணீரில் நின்று ஒரு சின்னப் பாறையைச் சுற்றிக் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், எங்களிடமிருந்து பதினைந்தடி இருக்கும். மெஷின் நனைந்துவிடும் என்று நான்தான் கழற்றி, பாலிதீன் கவரில் சுற்றி, சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

"பாப்பாவ இட்லி சாப்புடக் கூப்புடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

வீட்டுப் பழக்கத்தில் நான் எழுந்துகூடப் போகாமல் பாறையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன்.

"மாமா, அது உங்க வூட்டு ஹாலா? மலை மாமா அது. ஆடாது" என்று ஜெபராஜ் சிரித்தான்.

நான் செய்த தப்பு அதுதான். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். கையில் இருக்கிற இட்லியை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். சட்னியைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தால், கிருபா தலையைத் தூக்கிக் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் தரையைத் தட்டினால் எப்படிச் சட்டென்று திரும்பிச் சிரிப்பாளோ, அப்படியே சிரித்தாள். கையிலிருந்த கல்லையெல்லாம் போட்டுவிட்டுக் கரையேறி, மரங்களுக்குள் போய்விட்டாள்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவன் வேலைதான், ஏதோ சைகை காட்டியிருக்கிறான் என்று திரும்பிப் பார்த்தால் ஜெபராஜ் என் பின்னால் சம்மணம் போட்டு நான்காவது இட்லியில் இருந்தான். இட்லியை வைத்துவிட்டு ஓடினேன்.

உள்ளே முப்பது நாற்பது அடிதான் போயிருப்பாள். ஆனால் ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தாள், மெதுவாக, கடைத்தெருவில் பெரியவர்களோடு போகிற மாதிரி. நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். அங்கே பாசி மரம்தான் இருந்தது, வேறு எதுவும் இல்லை, நன்றாகப் பார்த்தேன். நான் போய் அவளைத் தூக்கினபோது உதைத்தாள். என் பெண் என்னை உதைத்தது அன்றுதான்.

அவளைத் தோளில் போட்டுத் திரும்பினேனோ இல்லையோ, ஆற்றுப் பக்கம் லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வேலு அண்ணன் "மேல ஏறு, மேல ஏறு" என்று கத்துகிறார். நான் காட்டு ஓரத்துக்கு வருவதற்குள் ஆறு நிறம் மாறி, டீத்தண்ணி மாதிரி, மரக்கிளையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்டெல்லாவும் ஜெபராஜும் மேட்டில் நின்று கிருபா, கிருபா என்று கதறுகிறார்கள். டிபன் கேரியர் போய்விட்டது. கிருபா நின்ற அந்தச் சின்னப் பாறை இருந்த இடமே தெரியவில்லை.

மேலே எங்கேயோ மழை பெய்திருக்கும் என்றார் வேலு அண்ணன். அது சரி, தண்ணீர் எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது. புரியாதது மற்றது.

ஒரு மணி நேரத்தில் வெள்ளம் வடிந்துவிட்டது. ஸ்டெல்லா கிளம்பலாம் என்று அழுதாள். நான் விடவில்லை. ஏசியில் கோளாறு என்றால் எங்கே என்று தெரியாமல் நான் இடத்தை விட்டு நகர மாட்டேன், அது என் தொழில் புத்தி. ஜெபராஜைப் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லு. நீதான ஏதோ காட்டின?"

"இன்னா மாமா, நான் உங்க பின்னாலதான குந்திகினு இருந்தேன். பைபிள் மேல சத்தியமா."

"அவன் எங்கயும் போகலங்க. நான் பார்த்துட்டுதான இருந்தேன்" என்றாள் ஸ்டெல்லா. தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அவளையும் சந்தேகப்பட்டேன். வருகிறவர்களிடம் கதை கட்டிப் பிழைக்கிற ஆளோ என்று வேலு அண்ணனையும் சந்தேகப்பட்டேன்.

கிருபா திரும்பிப் பார்த்த மரத்தடிக்குப் போனேன். ஜெபராஜைப் பத்தடி தள்ளி நிற்க வைத்து ஓங்கி மிதிக்கச் சொன்னேன். கம்ப்ரஸர் ஓட்டத்தைக் கை வைத்தே சொல்கிறவன் நான், உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்தேன். ஒன்றும் இல்லை. அந்த இலை மெத்தை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. கிருபாவை முதுகு காட்டி நிற்க வைத்து நானே தட்டினேன், மெஷின் இல்லாமல்தான். மூன்று முறை பார்த்தேன், திரும்பவே இல்லை. அப்புறம் மெஷினை மாட்டிவிட்டு அவளிடம் கேட்டேன்.

"ஏன்டா அங்க போன?"

"கூப்ட்டாங்கப்பா."

"எப்படிக் கூப்ட்டாங்க?"

அவள் தன் காலால் தட்டிக் காட்டினாள். மூன்று தட்டு.

எங்கள் வீட்டில் மூன்று தட்டு யாருக்கும் கிடையாது.

ஜெபராஜ் அதுவரைக்கும் வேடிக்கையாகத்தான் நின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்ததும், "மாமா, போலாம் மாமா" என்றான், குரலே மாறிவிட்டது. நான் அடுத்த கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். யார் கூப்பிட்டது என்று. வேலு அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதக் கேக்காதீங்க சார்."

"ஏன்?"

"கேட்டா சொல்லிரும் பாப்பா. அப்பறம் நீங்க என்ன செய்வீங்க?"

நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. தாம்பரத்தில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன், எல்லா டெஸ்டும் பழையபடிதான், ஒரு இம்மி மாற்றம் இல்லை. சர்ச்சில் சொன்னேன், கர்த்தர் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஸ்டெல்லா எழுந்து நின்று சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் அது அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே கூப்பிட்டதா, இல்லை தன்னிடம் கூப்பிட்டதா, தண்ணீர் வந்தது வெறும் தற்செயலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஓடிப் போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு தூரம் நடந்திருப்பாள்? அந்தக் கணக்குத்தான் தீரவில்லை. ஜெபராஜிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அவன் யாரையும் பயமுறுத்துவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டெல்லா இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

மலை ஆற்றுத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அரை மணி நேரம் அதில் கையை விட்டுக் கல் பொறுக்கினவள் கிருபா. நான் காட்டுக்குள் அவளைத் தூக்கினபோது அவள் கால், முகம், இடது கை எல்லாம் விறைத்துப் போயிருந்தன. வலது கை மட்டும் சூடாக இருந்தது. மணிக்கட்டு வரைக்கும், உள்ளங்கையில் லேசாக வியர்வையோடு. ரொம்ப நேரம் ஒருவர் பிடித்துக்கொண்டே நடந்தால் கை எப்படி இருக்குமோ, அப்படி.

ஸ்கூல் முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டும்போது நான் எப்போதும் அந்தக் கையைத்தான் பிடிக்கிறேன். பிடிக்கிற அந்த நொடியில், அது ஏற்கெனவே சூடாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.