பாம்புக்குப் பிரேக் போட்ட பஸ்

சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருந்த என் அக்காவுக்குக் கனவில் பாம்பு வந்துகொண்டிருந்தது. தினமும் மவுண்ட் ரோட்டை இடம் வலம் பார்க்காமல் கடக்கிறவள், நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத பாம்புக்கு அலறி எழுந்தாள். சங்கரன்கோவில் உண்டியலில் வெள்ளிப் பாம்பு போடுவதாக நேர்ந்துகொண்டு, போட்டுவர என்னை ஏவினாள். அது 1983, விடுமுறைக் காலம். நான் அப்போது திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். பாம்பைப் பாட்டிலில் பார்த்துப் பழகியவன்.

காலை ஆறரைக்கு ஜங்ஷனில் ஒரு தனியார் பஸ் பிடித்தேன். மானூர், தேவர்குளம் வழியாக ஐம்பத்தாறு கிலோமீட்டர். டிக்கெட் ஐந்து ரூபாய்ச் சில்லறை (இப்போது அந்த விலைக்கு டீ கிடைத்தால் அதிர்ஷ்டம்). டிரைவருக்குப் பின்சீட்டில் இடம். தேவர்குளம் தாண்டியதும் அவர் திடீரென்று பிரேக்கை மிதித்தார். என் நெற்றி முன்கம்பியில் மோதியது. யாரோ கொண்டுவந்த தக்காளி பஸ் முழுக்க உருண்டது. ரோட்டில் கிடந்தது ஒரு அறுந்த ஃபேன் பெல்ட்.

"மறுபடியுமா அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர். "முதலாளிக்குத் தெரிஞ்சா வண்டிய விட்டு இறக்கிருவாரு."

டிரைவர் பெல்ட்டைச் சுற்றி ஒடித்து வண்டியை எடுத்தார்.

கோவில் வாசலில் வெள்ளித் தகட்டில் பாம்பும் தேளும் விற்கும் கடையில் அந்த டிரைவரை மறுபடி பார்த்தேன். பெயர் சுடலைமுத்து. எப்போதாவது பாம்பு கடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"கடிச்சதே இல்ல சார். நெளிஞ்சாப்ல எது கிடந்தாலும் காலு தானா பிரேக்குக்குப் போயிருது. இன்னொரு தரம் போட்டா வேலை இல்லன்னுட்டாரு முதலாளி. கோயில்ல தகடு போட்டுட்டு வா, சரியாயிரும்னு அவருதான் அனுப்பினாரு."

இருவரும் உண்டியலில் போட்டோம், பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண் பூசிக்கொண்டோம். பிறகு டீக்கடையில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காட்டில் அலைந்த காலத்தில், வேரைப் பாம்பென்று நினைத்துத் துள்ளியவனுக்கு நஷ்டம் கொஞ்சம் மூச்சு. பாம்பை வேரென்று நினைத்தவன் உயிரை விட்டான். துள்ளியவன்தான் பிள்ளைகுட்டி பெற்றான், நாமெல்லாம் அவன் வம்சம். பஸ்ஸும் லாரியும் நேற்று வந்தவை. அவற்றுக்குப் பயப்பட உடம்பு இன்னும் கற்கவில்லை.

சுடலைமுத்துவின் முகம் தெளிந்தது. "அப்ப என் தப்பு இல்லல்லா? இத முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுதீயளா?"

பஸ் ஷெட் பக்கத்தில்தான். முதலாளி என்னை உட்காரவைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இது ரத்தத்துலயே இருக்குங்கிய. மாறாது?"

"பழகினால் குறையலாம்."

"எப்பக் குறையும்?"

நான் கலர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்தா சரியாயிரும்னுதான் சார் இவன வச்சிருந்தேன்," என்றார். பிறகு சுடலைமுத்து பக்கம் திரும்பி, "ஏலே சுடலை, சாவிய வச்சிரு. நாளையில இருந்து ஷெட்டுல டயர் வேலையப் பாரு."

சுடலைமுத்து சாவியை மேஜைமேல் வைத்தார். "நீங்க நல்லதுக்குத்தான் சார் சொன்னீய," என்றார் என்னிடம். திட்டியிருந்தால் இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

சாயங்காலம் திரும்பியதும் அதே பஸ்ஸில்தான், டிரைவர் மட்டும் வேறு. ஒரு வளைவில் லாரியை முந்தினார். எதிரே இன்னொரு பஸ். நூலிழையில் தப்பினோம். ஒருவரும் அலறவில்லை, பாதிப்பேர் தூக்கம். எனக்கும் நெஞ்சு படபடக்கவில்லை. தேவர்குளத்துக்கு முன்னால் அந்த ஃபேன் பெல்ட் அப்படியே கிடந்தது. புது டிரைவர் அதன்மேல் ஏற்றிக்கொண்டு போனார்.

அக்காவுக்குக் கனவு நின்றுவிட்டது. அவளிடம் நான் எதையும் விளக்கவில்லை.

போகிறவர்களுக்கு: மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். புற்றுமண் மடிக்கக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பாம்புக்குப் பயப்படுகிறவர் என்று தெரிந்தால், முன்கம்பியிலிருந்து நெற்றியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, அந்த பஸ்ஸிலேயே ஏறுங்கள்.