மணலில் இறக்கிவைத்த இரும்பு

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் ஜீப்பின் பின்சக்கரங்கள் கொள்ளிடத்து மணலில் அச்சுவரை இறங்கின. அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது கைக்கடிகாரம் அல்ல. ஆனாலும் அதைத்தான் பார்த்தேன். வண்டிக்குள் என் மகள் வசந்தா ஏழு மாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்திருந்தாள். தென்கரைக்கு இன்னும் கால் மைல். விட்டுவந்த வடகரை அரை மைலுக்குப் பின்னால். நடுவில் வெயிலும் மணலும் நாங்களும்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதக் கடைசி. பத்து வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் அந்த ஜீப்பை விற்றுவிட்டேன். அது தெருமுனை திரும்பி மறைந்ததிலிருந்து, அன்றைய பயணத்தை எழுதிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஜீப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். மலைக்கோட்டைத் தெப்பக்குளத்துக்கு அருகே சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். காகிதக் கட்டு ஏற்றிவர ஒரு வண்டி தேவைப்பட்டபோது, ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்று ஏலத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்தது. இடதுபக்கம் ஸ்டீயரிங், கித்தான் கூரை, கதவே கிடையாது. ஆட்டுக்குட்டி போலத் துள்ளிக்கொண்டு ஓடும். வார நாட்களில் காகிதம், ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு அணைக்கரை. பாவாடை கட்டிய வசந்தா முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவாள். உட்காரம்மா, உட்காரம்மா என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். அவள் உட்கார்ந்ததாக நினைவில்லை.

வாளாடிக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் ஓர் ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. வீடு அமையும்வரை அவள் மாமனார் வீட்டில் இருந்தாள். ஐம்பத்தேழில் நாலாம் மாதத்தில் பஸ் ஏறி எங்களைப் பார்க்க வந்தாள். வந்த மூன்றாம் நாள் கரு தங்காமல் போயிற்று. பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் புத்தூர் டாக்டரம்மா இரண்டு தரம் சொன்னார். பத்துத் தரம் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மறுபடியும் நல்ல செய்தி வந்த வாரமே ஜீப்பைப் பாலக்கரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பிரசவத்துக்கு அழைத்துவரும்போது வெயில் படக் கூடாது என்று கித்தானை எடுத்துவிட்டு இரும்புத் தகட்டில் கூரை போட்டேன். கூரையின் கனத்தைத் தாங்க வண்டிக்கு அடியில் உள்ள வில்லுகளில் கூடுதலாகப் பட்டை சேர்க்க வேண்டியதாயிற்று. பட்டை சேர்ந்ததும் வண்டி கட்டைவண்டியாகக் குலுக்கியது. குலுக்கலுக்காக இலவம்பஞ்சு மெத்தை. மெத்தை நழுவாமல் இருக்க இரும்புக் கட்டில் போல ஒரு சட்டம். மாடு கீடு குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று முன்னால் இரும்பு வளையம். டயர் வெடித்தால் என்று இரண்டாவது மாற்றுச் சக்கரம். தாகத்துக்கு ஒரு பீப்பாய்த் தண்ணீர். ஒவ்வொன்றும் ராத்திரி படுக்கும்போது தோன்றும். காலையில் பட்டறையில் நிற்பேன்.

அச்சகத்தில் எட்டு வருஷமாக வண்டி ஓட்டிய காதர் பாய் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"நல்லா இருக்குங்கய்யா. வடம் பிடிக்க ஆள் மட்டும் சொல்லி விட்டுடுங்க."

ஆடி பிறந்தால் அழைத்துவர முடியாது. ஆகவே ஆனி முடியுமுன் ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்குப் புத்தூரிலிருந்து நானும் என் மனைவி கமலாவும் காதர் பாயும் கிளம்பினோம். காவேரிப் பாலம் தாண்டும்போது மலைக்கோட்டை பின்னால் வெளிச்சத்தில் நின்றது. எதிரே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். ஆற்றில் தண்ணீர் ஓரமாக நடந்துகொண்டிருந்தது. திருவானைக்காவலில் காப்பி. நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியும் கடைக்காரர் இரண்டணா என்றுதான் கேட்டார். பன்னிரண்டா பதின்மூன்றா என்று காதர் பாய் கொஞ்ச நேரம் அவரோடு வம்பு வளர்த்தார்.

அங்கிருந்து கல்லணைச் சாலையில் ஆறு மைல், உத்தமர்சீலி. இரண்டு பக்கமும் வாழை. வாழைக்கொல்லையின் ஈர வாசனை வண்டிக்குள் வந்து நிறையும். அந்தச் சாலையில் இப்போது போனாலும் எனக்கு அந்தக் காலைதான் வரும்.

லால்குடிப் பக்கம் போகிறவர்கள் கொள்ளிடப் பாலம் வழியாகப் போவதுதான் வழக்கம். அப்போது அந்தப் பக்கத்துச் சாலையில் ஜல்லி கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஜல்லியில் வண்டி எப்படிக் குதிக்கும் என்று எனக்குத் தெரியும். உத்தமர்சீலிக்கு நேரே ஆற்றுக்குள் மாட்டு வண்டிப் பாதை ஒன்று உண்டு. கோடையில் ஊர்க்காரர்கள் மணல்மேல் நாணலும் தென்னை மட்டையும் பரப்பிவைத்திருப்பார்கள். முக்கால் மைல்தான். மணல் மெத்தை மாதிரி இருக்கும், குலுங்கவே குலுங்காது என்று வழியை நிச்சயித்தவன் நான்.

"மெத்தையில யானை படுத்தா எழுந்திரிக்கிறது கஷ்டங்கய்யா" என்றார் காதர் பாய். ஆனாலும் காலையில் மணல் ராத்திரி ஈரத்தில் இறுகிக் கிடந்தது. முனகிக்கொண்டே வண்டி வடகரை ஏறிவிட்டது. நான் காதர் பாயைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்தார்.

சம்பந்தி வேலாயுதம் அதிகம் பேசாதவர். விவசாயி. சாப்பாடு முடிந்து, ராகுகாலம் கழியக் காத்திருந்தோம். அதற்குள் அவர் இரண்டு மூட்டை அரிசி, ஒரு பித்தளை அண்டா, வாழைத்தார், பலாப்பழம், ஒரு சிப்பம் வெல்லம் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டார். அரிசி புத்தூரிலும் கிடைக்கும் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். கமலா என் கையைக் கிள்ளினாள்.

கிளம்பும்போது அவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"வில்லு வண்டி நிக்குதுங்க சம்பந்தி. வைக்கோல் பரப்பி, மாட்டை நடக்கவிட்டு நானே கொண்டாந்து விட்டுடறேன்."

"வேணாங்க. இதுக்காகத்தானே ஜீப்பையே மாத்திக் கட்டியிருக்கேன்."

அவர் மாட்டின் முதுகைத் தடவுவது போல இரும்புக் கூரைமேல் கையை வைத்தார். சுட்டிருக்க வேண்டும்; எடுத்துக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு வசந்தா படியிறங்கினாள். பிரசவத்துக்குப் புறப்பட்ட பெண் கையில் குழந்தையோடுதான் அந்தப் படியைத் திரும்ப மிதிக்க வேண்டும். இடையில் எதற்காகவும் திரும்பக் கூடாது. இரண்டு வீட்டிலும் இதில் உறுதியாக இருந்தார்கள், போன தடவைக்குப் பிறகு இன்னும் உறுதியாக.

ஊர்ப் பாதையில் இரண்டு மைல். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் திரும்பிக் கேட்டேன்.

"குலுக்குதாம்மா?"

"இல்லப்பா."

"இப்ப?"

"அப்பா, நீங்க கேக்கறதுதான் குலுக்குது."

மணலில் இறங்கினோம். வெயிலில் காய்ந்து மணல் மாவாக உதிர்ந்து கிடந்தது. நடு ஆறு தாண்டியதும் பாதையில் மட்டைகள் நொறுங்கிப்போயிருந்தன. எஞ்சின் குரல் மாறியது. பின்பக்கம் மெதுவாக, யாரோ உட்கார்வது போல இறங்கியது. மணி மூன்று பத்து.

"இப்பக் குலுக்கலையே" என்றாள் வசந்தா.

காதர் பாய் நாலு சக்கரமும் இழுக்கும்படி கம்பியைத் தள்ளிப் பார்த்தார். முன்பக்கமும் இறங்கிற்று. டயரில் காற்றை இறக்கினார். மண்வெட்டியால் தோண்டினார், தோண்டிய இடத்தில் மணல் சரிந்து நிறைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. இவ்வளவு இரும்போட இது நகராது."

நான் பதில் சொல்லுமுன் தென்கரையில் ஒருவர் நின்று ஈர வேட்டியை வீசுவது தெரிந்தது. துணி வெளுக்கிறவர். காற்றில் குரல் துண்டு துண்டாக வந்தது. "தண்ணி... மேலணையில திறந்துட்டாங்க... தமுக்கு போட்டாங்களே..." காலையில் நாங்கள் தாண்டிய பிறகு போட்டிருப்பார்கள்.

"திரும்பிப் போய்டலாமா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"வாயைக் கழுவுங்க" என்றாள் கமலா. "அந்தப் பக்கம் இவ திரும்ப மாட்டா."

காதர் பாய் ஏற்கெனவே ஸ்பானரை எடுத்துக் கூரையின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார். நானும் ஏறினேன். இரண்டு பேரும் தூக்கிப் பக்கத்தில் இருந்த மணல் திட்டில் கூரையைக் கவிழ்த்தோம். இரண்டாவது மாற்றுச் சக்கரமும் திட்டுக்குப் போயிற்று. பீப்பாயைச் சாய்த்தேன், அவ்வளவு தண்ணீரையும் மணல் ஒரே மூச்சில் குடித்தது. முன்வளையத்தின் போல்ட் திருகாமல் என் விரல் தோல் பெயர்ந்தது. வசந்தா கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தபடி ஏலம் கூற ஆரம்பித்தாள்.

"மாடு முட்டாத வளையம், ஒரு தரம். மாடு முட்டாத வளையம், ரெண்டு தரம். காதர் பாய், நீங்க கேக்கறீங்களா?"

"எனக்கு வேணாம்மா. வாங்கினவரே வச்சுக்கட்டும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே இடத்தில் வந்தன. பாவாடைக்காரியின் குரல் அது. ஒரு வருஷமாக நான் அதைக் கேட்கவில்லை.

அரிசி மூட்டைக்கு வந்தோம். கமலா குறுக்கே நின்றாள்.

"சீராக் கொடுத்த அரிசிங்க. ஆத்துல விட்டுட்டுப் போனோம்னு தெரிஞ்சா அவங்க வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

"அரிசி நனைஞ்சா இட்லிக்கு ஆகும்மா" என்றார் காதர் பாய். "நாம நனைஞ்சா எதுக்கும் ஆக மாட்டோம்."

மூட்டைகள், அண்டா, பழம் எல்லாம் திட்டுக்குப் போயின. மிச்சம் இருந்தது கட்டில் சட்டமும் மெத்தையும். நான் அதைத் தொடாமல் நின்றேன்.

"இதை எடுத்தா நீ எங்கம்மா உக்காருவே?"

"உக்காந்து உக்காந்துதாம்ப்பா இடுப்பு வலிக்குது" என்று வசந்தா இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "கால் மைல்தானே. கொல்லைக்கும் கிணத்துக்கும் தினம் இதைவிட நடக்கிறேன்."

கமலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் தென்கரையைப் பார்த்து நடந்தாள். மணல் அவள் காலடிக்குக் கீழே கொஞ்சம் அமுங்கியது, அவ்வளவுதான். நானும் காதர் பாயும் சட்டத்தைத் தூக்கிப் போட்டோம். மெத்தையை இரண்டாகக் கிழித்துப் பின்சக்கரங்களுக்கு முன்னால் விரித்தோம். அவர் ஏறினார், நான் தள்ளினேன். வண்டி இரண்டு தரம் முன்னும் பின்னும் ஆடியது. மூன்றாம் தரம் பஞ்சைப் பிய்த்து எறிந்துகொண்டு வெளியே வந்தது. கித்தான் இல்லை என்பதைத் தவிர, நான் ஏலத்தில் பார்த்த முதல் நாள் போல இருந்தது.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். பெருக்காக வரவில்லை. மேற்கே மணலில் ஒரு கறுப்புக் கோடு. முன்னால் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, பள்ளம் பள்ளமாக நிரப்பிவிட்டு அடுத்த பள்ளத்துக்கு வந்தது. சத்தமே இல்லை. அது சத்தமில்லாமல் வந்ததுதான் இன்றும் கனவில் வருகிறது.

வசந்தாவுக்காகக் கட்டிய வண்டி வசந்தாவுக்குப் பின்னால் காலியாக வந்தது. நான் அதன் பக்கத்தில் ஓடினேன். அவர்கள் கரையேறியபோது தண்ணீர் என் கணுக்காலைத் தொட்டது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீப்பும் கரையேறிவிட்டது. வசந்தா ஒரு புளியமரத்தடியில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டியதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை.

புரட்டாசியில் புத்தூரில் பேரன் பிறந்தான். இரும்புக் கூரையை மறுபடி நான் மாட்டவில்லை. வில்லில் சேர்த்த பட்டைகளையும் கழற்றிவிட்டேன். ஜீப் பழையபடி துள்ளிற்று. அப்புறம் ஒன்பது வருஷம் ஞாயிறுதோறும் முக்கொம்பு போனோம். பேரனும் முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவான். வண்டியை வாங்கிப்போனவர் கதவு போட வேண்டும் என்று சொன்னார். போடட்டும்.

ஆற்றைக் கடந்த அன்றைக்கு நாங்கள் உடனே கிளம்பவில்லை. டயருக்குக் காற்று அடிக்கக் காதர் பாய்க்கு நேரம் பிடித்தது. ஐந்தரை மணி இருக்கும், ஆற்றுக்குள் ஒரு மாட்டு வண்டி தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் மாடுகள் நிதானமாக நடந்து வந்தன. வண்டியில் கூரைத் தகடு, சட்டம், வளையம், சக்கரம், பீப்பாய். அவற்றின்மேல் நனையாமல் அரிசி மூட்டைகள். ஜீப் புறப்பட்ட கையோடு சம்பந்தி துணைக்கு ஓர் ஆளைத் தேடிப் பிடித்து, வண்டியைப் பூட்டி எங்கள் தடத்திலேயே வந்தாராம். இதைப் பிற்பாடு வசந்தா சொல்லித்தான் அறிந்தேன்.

வண்டி கரையேறியது. வேலாயுதம் இறங்கினார். வேட்டி தொடைவரை நனைந்திருந்தது. சீரை ஏன் ஆற்றில் விட்டோம், வில்லு வண்டியை ஏன் வேண்டாம் என்றேன், இரண்டுக்கும் பதிலைத் தயார் செய்துகொண்டு நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜீப்பையும் பார்க்கவில்லை. நேரே புளியமரத்தடிக்குப் போனார். தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, மருமகளுக்கு எதிரே மண்ணில் குந்தி உட்கார்ந்தார்.

"குலுக்குச்சா தாயி?" என்றார்.