கடுகு வெடித்த வீடு

கண்டனூரில் பெரிய வீடுகள் வருஷத்தில் சில நாள்தான் திறக்கும். ஒரு கல்யாணம் என்றால் சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்து இறங்குவார்கள். அந்தச் சில நாளை நம்பித்தான் சுற்றியிருந்த தெருக்களில் அடுப்பு எரிந்தது. இலை கட்டுகிறவன், விறகு பிளக்கிறவன், பந்தல்காரன், துணி வெளுக்கிறவன், பலகாரம் சுடுகிற பெண்கள், கல்லலிலிருந்து காய்கறி ஏற்றி வருகிற வண்டிக்காரன் என்று எல்லாருக்கும் அதுதான் அறுவடை. மழை பெய்யாத வருஷங்களில் வேறு அறுவடையே கிடையாது.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் நான் அங்கே இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் ஊரில் ஒரு வருஷம் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். ஊருணியிலிருந்து பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் ஒருவரோடு சேர்ந்துகொண்டேன். அவரை அண்ணன் என்றேன். அவர் மனைவியை மதினி என்றேன். அவர்கள் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் எனக்குப் படுக்கை. மதினி கல்யாண வீடுகளுக்குக் கைமுறுக்கு சுற்றப் போகிறவள். எட்டு வயதில் ஒரு மகள்.

அந்த வருஷம் ஒரே ஒரு பெரிய கல்யாணம்தான் நிச்சயமாகியிருந்தது. அது நடந்தால் அண்ணனுக்குப் பத்து நாள் தண்ணீர் வண்டி ஓடும், மதினிக்குப் பலகார வேலை இருக்கும், ஐப்பசி மழை வரை தாங்கிவிடலாம். நடக்காவிட்டால் மாட்டை விற்க வேண்டும். மாட்டை விற்றால் வண்டியும் இல்லை. இதை அண்ணன் கவலையாகச் சொல்லவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு, நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொன்னார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்து போட்டது. பெரியம்மை. எனக்குச் சிறு வயதில் அம்மை குத்திய தழும்பு கையில் இருந்ததால் பயம் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் குத்தியிருக்கவில்லை. குத்த வந்தவரைக் கண்டதும் தெருப் பெண்கள் பிள்ளைகளை நெல் குதிருக்குள் ஒளித்துவைத்த காலம் அது.

அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் யாரும் படியேற மாட்டார்கள். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டார் வேலைக்கும் போக மாட்டார்கள். மதினி வேப்பங்கொத்து ஒடித்துவரக் கிளம்பினாள். அப்போதுதான் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேலாள் தெருவில் வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கென்று வரவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நின்று பேசினார்.

“ஏப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரக பினாங்குலேருந்து கப்பல்ல வாராக. இந்த ஊர்ல அம்மைன்னு பேச்சுக் கிளம்புச்சுன்னு வையி, அம்புட்டுத்தான். திரும்பிப் போறப்ப அங்குட்டுத் துறைமுகத்துல மறிச்சு வச்சுக்குவான். அவுகளுக்கு அங்க கடை கண்ணி எல்லாம் கெடக்கு. கல்யாணத்தை மெட்ராஸ்ல வச்சுக்கிறோம்னு பெரிய வீட்டு ஆச்சி ஒரு கடுதாசி போட்டா முடிஞ்சுது. எங்குட்டாச்சும் வேப்பிலை தொங்குதா?”

“ஒண்ணும் இல்லீகய்யா, எல்லாம் சொகமா இருக்கோம்” என்றார் அண்ணன்.

மேலாள் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனார்.

உள்ளே வந்ததும் நான்தான் சொன்னேன். இதை எங்கே எழுதினாலும் எந்த ஊரில் சொன்னாலும் மாற்றிச் சொன்னதில்லை. வேப்பிலை செருக வேண்டாம், பிள்ளையை உள்ளறையில் சேலைத் திரைக்குப் பின்னால் போடுவோம், வேப்பிலை அவள் கையோடு இருக்கட்டும் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “மதினி, ரெண்டு நாளாத் தாளிக்கலை. மூக்கு உள்ளவளுக எதிர்த்த வீட்டுல இருக்காளுக. கடுகு, மெளகா, கருவேப்பிலை போட்டுத் தாளிச்சு ஒரு ரசம் வைங்க. தெருவுக்குத் தெரியட்டும்.”

“ஆத்தா கோவிச்சுக்குவா, தம்பி.”

“மாட்டை வித்தா மட்டும் ஆத்தா சிரிப்பாளா?”

மதினி நெடுநேரம் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு சட்டியை வைத்தாள். கடுகு வெடித்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். மிளகாய் நெடி வாசல் தாண்டிப் போனது. திரைக்குப் பின்னால் பிள்ளை இருமியது.

சட்டியை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன்.

“என்னக்கா, கல்யாணச் சமையலை இங்கனயே ஆரம்பிச்சுட்டீகளா? வாசம் தெருவைத் தூக்குது.” என்னைப் பார்த்து, “ஓகோ, ஊர்சுத்தி அண்ணனுக்கு விருந்தா? கொழுந்தனாரைக் கொழுக்க வச்சு மாட்டுக்குப் பதிலா வண்டியில பூட்டப் போறீகளா?” என்றாள்.

மதினி சிரித்தாள். எப்படிச் சிரித்தாளோ தெரியாது. “இந்தா, ரசம் கொண்டு போ” என்று அவசரமாகக் கிண்ணத்தைத் தேடினாள். பையன் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினான். அண்ணன் மகள்தான் அவனைத் தினமும் தூக்கிக்கொண்டு அலைகிறவள். அவனுக்கு அந்த வீட்டில் போக வேறு இடம் கிடையாது. தளர்நடையில் நேரே போய்த் திரைக்கு அடியில் நுழைந்துவிட்டான்.

நான் பின்னாலேயே போனேன். பிள்ளை பாயில் கிடந்தாள், கண் திறக்க முடியவில்லை. அவன் அவள் முகத்தில் கை வைத்து எழுப்பிக்கொண்டிருந்தான். நான் தூக்கினேன். அவன் கையில் அவளுடைய வேப்பங்கொத்து. அதோடு வெளியே வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். விரல் விரலாகப் பிரித்து அதைப் பிடுங்கி என் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். அவன் அழுதான்.

“எங்கண்ணே உங்க மக?” என்று அவன் தாய் அண்ணனைக் கேட்டாள்.

“அவுக அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கா, கண்டரமாணிக்கத்துக்கு” என்றார் அண்ணன்.

அவள் ஒரு கையில் ரசக் கிண்ணமும் மறு இடுப்பில் பையனுமாகப் போனாள்.

பலகார வேலை தொடங்கியது. மதினி பெரிய வீட்டுக்குப் போய் முறுக்கு சுற்றினாள். பகல் முழுக்க எண்ணெய்ச் சட்டியருகே இருந்துவிட்டு வந்து, மகள் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். முறுக்கு ஒன்றைக்கூட மதினி தன் வாயில் வைக்கவில்லை. மகள் பிழைத்தாள். முகம் முழுக்கத் தழும்பு. ஒரு கண்ணில் பூ விழுந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. பையனுக்கு. அவன் தாய்க்கு ஒளிக்கத் தெரியவில்லை. அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க என்னைப்போல ஒருவனும் அங்கே இல்லை. அடுத்த நாளே அம்மை குத்துகிறவர் பெட்டியோடு தெருவுக்கு வந்தார். எங்கள் வாசலில் முதலிலேயே வேப்பிலை இருந்திருந்தால் அவர் அப்போதே வந்திருப்பார். இந்தக் கணக்கை நான் மட்டும்தான் போட்டேனா, மதினியும் போட்டாளா என்று தெரியாது.

கடிதம் வந்தது. கல்யாணம் மெட்ராஸில். போட்ட பந்தலைப் பிரித்தார்கள். கல்லலிலிருந்து வந்த காய்கறி வண்டி பாதி வழியில் திரும்பியது. சுற்றிய முறுக்கெல்லாம் டின்களில் அடைபட்டு ரயிலேறிற்று. பெரிய வீட்டுக் கதவைப் பூட்டிய அன்று பக்கத்து வீட்டுப் பையன் கண்ணை மூடிவிட்டான். அண்ணன் அந்த மாதமே மாட்டை விற்றார். இலைக்காரன் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போனான். தெருவில் ஒவ்வொரு வீடாக ஆள் குறைந்தது. வாரச்சந்தையில் விற்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கிளம்பினேன். எனக்குக் கால் அரிக்கவில்லை, இருந்தாலும் கிளம்பினேன்.

பிறகு பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். எழுபதுகளில் ஒருமுறை வடக்கே அம்மை பரவியபோது, டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்தார். வெளிநாட்டுக்காரன் நம் ஆளையும் சரக்கையும் சந்தேகப்படுகிறான், நாட்டுக்கு இவ்வளவு கோடி நட்டம் என்று. எங்களுக்கும் அந்த வாரம் வேலை குறைவுதான். அந்தக் கோடிகளை எப்படி எண்ணியிருப்பார்கள் என்று யோசித்தேன். கப்பலை எண்ணலாம், மூட்டையை எண்ணலாம். ஒளித்தவர்களை எண்ண முடியாது. உண்மையைச் சொன்னால் சோறு போய்விடும் என்று நினைத்து எத்தனை வாசல்களில் எத்தனை பேர் வேப்பிலையை எடுத்திருப்பார்கள். எந்த ஊரில் சந்துக்குள் நுழைந்தாலும் நான் நிலைப்படியைத்தான் முதலில் பார்க்கிறேன். வேப்பிலை இருந்தால் நிம்மதி. ஒன்றும் இல்லாத வாசலைக் கண்டால்தான் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிடுகிறேன்.

கண்டனூரை விட்டு ஒன்பது பத்து வருஷம் கழித்துக் கல்லல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றேன். கூடையில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஊர்சுத்தி அண்ணே! இன்னும் சுத்தி முடியலையா?”

பக்கத்து வீட்டுக்காரி. நரைத்திருந்தாள். அண்ணனும் மதினியும் மகளோடு திருச்சிப் பக்கம் போய்விட்டார்கள் என்று சொன்னாள். பிறகு அவளாகவே பையனைப் பற்றிப் பேசினாள்.

“அந்தக் கொடுமையான வருசத்துல, அக்கா அன்னைக்கு ஒரு கிண்ணம் ரசம் குடுத்துச்சே, ஞாபகம் இருக்கா? நீங்ககூட அவனைத் தூக்கி வச்சிருந்தீக. அதைச் சோத்துல பெசஞ்சு குடுத்தேன். சப்புக்கொட்டித் தின்னான். அப்பறம் அவன் அப்படிச் சாப்பிட்டதே இல்லை. அக்காவைப் பாத்தாச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன். நீங்க பாத்தாச் சொல்லுங்க.”

அன்று திரைக்குப் பின்னால் இருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். ரயில் வருகிற மணி அடித்தது. அவள் இலையில் சுண்டலை அள்ளி என் கையில் வைத்தாள். காசை நீட்டினேன்.

“உங்ககிட்டயா வாங்குவேன்? தின்னுங்க.”

மேலே கடுகும் கருவேப்பிலையும் கிடந்தன. அவள் போகாமல் எதிரே நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கடலை விடாமல் தின்றேன்.