கரிவாயு பஸ்ஸும் என் வலது புருவமும்

சென்ற மாசி மாதம் நான் வேலை தேடி ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் போன விவரத்தை எழுதச் சொல்லி, பட்டணத்துச் சத்திரத்தில் என்னோடு தங்கியிருந்த ரங்கூன் நண்பர்கள் ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்னும் அதே சத்திரத்தில்தான் இருக்கிறார்கள். காலையில் நம்பிக்கையோடு கிளம்பி, மாலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று கட்டணம், தூரம் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பிறந்தது ரங்கூனில். சிறுவயதில் யாரோ கப்பலேற்றிக் கொண்டுபோன ஆள் என் அப்பா. தஞ்சாவூர்ப் பக்கம் என்பார், அதற்குமேல் ஊர்ப் பெயர் சொன்னதில்லை. அவர் வேலை பார்த்த நெல் மில்லிலேயே நானும் சேர்ந்தேன். உமி போட்டு எரிக்கும் பாய்லர் அடுப்பு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. குண்டு விழத் தொடங்கியதும் கிடைத்த கப்பலில் நானும் என் மனைவி பொன்னியும் ஏறி வந்தோம். தமிழ் பேசுகிற ஊர்தானே, பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டிராமில் எந்தப் பக்கம் ஏறுவது, கடையில் எவ்வளவு குறைத்துக் கேட்பது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒன்றும் தெரியாமல் முதல் வாரமே முழி பிதுங்கிவிட்டது. பாஷை ஒன்றாக இருந்ததால் என் திண்டாட்டம் எனக்கே இரண்டு மடங்காகப் பட்டது.

பொன்னியைத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அவளுடைய மாமா வீட்டில் விட்டிருந்தேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே எட்டு வயிறு. அரிசி கிடைக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். பங்குனி பிறந்ததும் வந்து அழைத்துப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மாசி பாதி போய்விட்டது. கையில் வேலை இல்லை.

ஆவடியில் ராணுவத்துக்கு ஷெட் போடுகிறார்கள், ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று சத்திரத்தில் பேச்சு. சென்ட்ரல் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறினேன். மூன்றாம் வகுப்பு மூன்றரை அணா, பதின்மூன்று மைல், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வில்லிவாக்கம் தாண்டினால் இரண்டு பக்கமும் ஏரியும் வயலும்தான். அம்பத்தூரில் தயிர்ப்பானைக்காரிகள் இறங்கிக்கொண்டார்கள். அப்புறம் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் போல் வேலைக்குப் போகிறவர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆவடியில் முள்வேலிக்கு வெளியே கன்டிராக்டரின் மேஸ்திரி நின்று ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. எந்த ஊர் என்று கேட்டார். ரங்கூன் என்றேன்.

"அது நீ போன ஊரு. உங்க ஊரு இன்னா?"

நான் எங்கும் போகவில்லை, அங்கேயே பிறந்தவன் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இங்கே உன்னைத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். உள்ளே சாமான் கிடக்கிறது, நாளைக்கு ஒன்று காணோம் என்றால் நான் யாரைப் போய்க் கேட்பது, ஜாமீன் சொல்ல ஓர் ஆளை அழைத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரங்கூன் மில்லில் புது ஆள் வந்தால் நாங்களும் அதையேதான் கேட்போம்.

அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஆறு மைல். ஜட்கா கிடைக்கும், ஆனால் வண்டிக்காரர் கேட்ட கூலியில் நான் இரண்டு நாள் சாப்பிடலாம். நடந்தேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கால் அலம்ப உட்கார்ந்தபோது, மடை திருப்பிக்கொண்டிருந்த ஒரு குடியானவர் தம் தூக்குச் சட்டியிலிருந்து கூழ் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் அவரும் அதே கேள்வியைக் கேட்டார்: யார் ஊட்டு ஆளு? யார் வீட்டு ஆளும் இல்லை என்று சொன்னதும் இன்னொரு கரண்டி ஊற்றினார். மனசுக்கு இதமாக இருந்தது. அறுவடை ஆகிவிட்டதால் வயலில் வேலைதான் இல்லை என்றார்.

பூந்தமல்லி போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. நான் கைலி கட்டியிருந்தேன். ரங்கூனில் எல்லோரும் கட்டுவது அதுதான். அதைப் பார்த்துவிட்டு டீக்கடை பாய் எனக்கு சலாம் சொன்னார். நான் முஸ்லிம் இல்லை, இது ரங்கூன் பழக்கம் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, அதனாலென்ன என்று ஆப்பத்தைத் தட்டில் வைத்தார். இரண்டு ஆப்பம், ஒரு டீ, ஓரணா. வேலை பற்றிக் கேட்டபோது, பட்டணம் போகிற கரி பஸ்ஸில் கரி போடுகிற ஆள் ஆவடி ராணுவ வேலைக்கு ஓடிவிட்டான், காலையில் டிரைவர் தஸ்தகீர் பாயைப் பார் என்று சொன்னார்.

கரி பஸ் என்றால் தெரியாதவர்களுக்கு: பெட்ரோல் இப்போது யுத்தத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் புகைய விடுகிறார்கள். அந்தப் புகை குழாய் வழியாக எஞ்சினுக்குப் போய் வண்டியை ஓட்டுகிறது. காலையில் பீப்பாய்க்குக் காற்று ஊதும் கைச்சுற்று விசிறியைச் சுற்றி நெருப்புப் பிடிக்க வைக்கவே அரை மணி ஆகும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே அதற்கும் சேர்த்துத்தான் சம்மதிக்கிறோம்.

தஸ்தகீர் பாய் விடிவதற்கு முன்பே பீப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், கை முழுக்கத் தீக்காயத் தழும்பு. ஆள் தேவைதான் என்றார். ஆனால் கரி போடுகிறவன் ராத்திரி பஸ்ஸிலேயே படுத்து டயரைக் காவல் காக்க வேண்டும். இன்றைக்கு டயர் தங்கத்துக்குச் சமானம். அதனால் முதலாளி நாயக்கர் தெரிந்த ஆளைத்தான் வைப்பார். மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றேன். எனக்கு அழுகை வராத குறைதான்.

ஆனாலும் விசிறியை வாங்கிச் சுற்றினேன். நெருப்பு என்று வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பட்டணம் வரை ஐந்தணா கொடுத்து டிக்கெட்டும் வாங்கி, பீப்பாய்க்கு ஒட்டிய கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் குப்பம்மா என்கிற பூக்காரம்மா, காலடியில் ஈரத்துணி மூடிய இரண்டு பூக்கூடைகள். வண்டியில் முப்பது பேர் இருந்திருப்போம்.

நாலு மைல் தள்ளி வானகரத்தில் ஆள் ஏற்ற வண்டி நின்றது. நான் இறங்கிப் பின்னால் போய், பீப்பாயின் சிறு துவாரம் வழியாகப் பார்த்தேன். நெருப்பு மங்கிக் கிடந்தது. உமி அடுப்பில் இப்படி மங்கினால் அடிக்கதவைத் திறந்து காற்று விடுவோம், ஒரே மூச்சில் கொழுந்து விட்டு எரியும். பத்து வருஷம் செய்த வேலை. யாரையும் கேட்காமல் அடிக்கதவைத் திறந்தேன். குப்பென்று ஒரு தீ வெளியே வந்து என் முகத்தைத் தடவிவிட்டு உள்ளே போனது. அப்புறம் நெருப்பு நன்றாகவே எரிந்தது. திருப்தியோடு கதவை ஒரு விரல் அளவு திறந்தபடியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அதுதான் செய்யக் கூடாத காரியம் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தப் பீப்பாயில் கரி நன்றாக எரியக் கூடாது. மூச்சு முட்டிப் புகைய வேண்டும். நன்றாக எரிந்தால் எஞ்சினுக்குப் போவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு பர்லாங் போவதற்குள் வண்டி இருமி, குலுங்கி, நடுரோட்டில் படுத்துவிட்டது.

தஸ்தகீர் பாய் பின்னால் வந்து பார்த்தார். யார் கதவைத் திறந்தது என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் தப்பித்திருக்க முடியாது, என் வலது புருவம் அங்கே இல்லை. முப்பது பேரும் இறங்கி வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், ரயிலைப் பிடிக்க வேண்டியவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் என் பரம்பரையை இழுத்தார்கள். குப்பம்மா தம் கூடைத் துணியைத் தூக்கிக் காட்டி, பூ வாடினால் உன்னையே தொடுத்து விற்றுவிடுவேன் என்றார்.

சாம்பலை வாரி, கரியை மாற்றி, மறுபடி நெருப்புப் பிடிக்க வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. விசிறியை நான் ஒருவனே சுற்றினேன், யாரையும் தொட விடவில்லை. குட்டையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து பூக்கூடைகளை நனைத்தேன். அமிஞ்சிக்கரை போய்ச் சேர்வதற்குள் என் ஊர், என் மில், திண்டிவனத்தில் இருக்கும் பொன்னி, அவளுக்குக் கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் வண்டி முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டது. திட்டிக்கொண்டேதான் கேட்டார்கள்.

பட்டணத்தில் எனக்கு என்ன வேலை இருக்கிறது? சாயங்கால வண்டியில் நானே கரி போட்டுக்கொண்டு பூந்தமல்லி திரும்பினேன். ஸ்டாண்டில் முதலாளி நாயக்கர் காத்திருந்தார். காலை வண்டி தாமதமான சேதி அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. இந்த ஆளை வைத்துக்கொள்ளலாம், நெருப்புக்குப் பயப்படவில்லை என்று தஸ்தகீர் பாய் தாமாகவே சொன்னார். நாயக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கேள்விதான் வந்தது.

"இங்க உன்னை யாருக்குத் தெரியும்?"

தஸ்தகீர் பாய்தான் பேசினார். "இன்னா நைனா இப்டி கேக்குற? பூந்தமல்லிலேர்ந்து அமிஞ்சிக்கரை வரிக்கும் இன்னிக்கு இவனைத் தெரியாத ஆள் யாரு கீறான்?"

காலிக் கூடைகளோடு இறங்கிக்கொண்டிருந்த குப்பம்மா நின்றார். "எனக்குத் தெரியும் நைனா. கதவைத் தொறந்து வுட்டதும் இவன்தான், நான்தான்னு சொன்னதும் இவன்தான். திருடிகினு ஓடினாக்கூட அந்த ஒத்தப் புருவத்தை எங்க கொண்டுபோய் ஒளிப்பான்?"

நாயக்கர் சிரித்துவிட்டார். அன்று ராத்திரியே பஸ்ஸுக்குள் படுத்தேன். தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில் கண்ணீர்தான் வந்தது.

இனி, இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆவடியில் ஆள் எடுப்பது காலையில் மட்டும், அதனால் முதல் வண்டியிலேயே வந்துவிடுங்கள். வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தால் விரட்டுவார்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு நடப்பதானால் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் பருத்திப்பட்டில் நல்ல தண்ணீர் உண்டு. கரி பஸ்ஸில் வெள்ளை வேட்டி வேண்டாம். ஜாமீனுக்கு ஆள் இல்லையே என்று சத்திரத்தில் முடங்கிக் கிடப்பதைவிட நாலு பேர் ஏறுகிற வண்டியில் ஏறி உட்காருங்கள். ஏதாவது வேலையில் கை கொடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. பீப்பாயின் அடிக்கதவை மட்டும் தொடாதீர்கள். அந்த வழி எனக்குப் பலித்தது, உங்களுக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பங்குனி பிறந்தபோது வண்டியை விட்டுவிட்டுப் போக எனக்கு வழியில்லை. கடிதம் எழுதினேன், மாமாவே பொன்னியைப் பட்டணம் வரை கொண்டுவந்து பூந்தமல்லிக்கு வரும் இன்னொரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஸ்டாண்டில் மூட்டையோடு இறங்கியவள், ரங்கூனிலிருந்து வந்தவர் இங்கே யார் என்று விசாரித்திருக்கிறாள். ஒரு புருவம் இல்லாத ஆள்தானே என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறார்கள். இல்லை, என் வீட்டுக்காரருக்கு இரண்டும் நன்றாக இருக்கும் என்று அவள் சொல்லிவிட்டாள். கடிதத்தில் புருவத்தைப் பற்றி நான் எழுதவில்லை. அப்படியானால் அது வேறு ரங்கூன்காரர் போலிருக்கிறது என்று அவளை ஒரு பக்கமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

பத்தடி தள்ளி, பஸ்ஸுக்குப் பின்னால் நான் கரி வாரிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து முன்பக்கம் வந்தபோது அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டையை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள். பொன்னி என்று கூப்பிட்டேன். கரி அப்பிய முகத்தையும் புருவம் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த குப்பம்மாதான் தலையை நிமிர்த்தினார்.

"எந்திரிச்சிப் போம்மா. இவன்தான் உன் ஊட்டுக்காரன். எனக்குத் தெரியும்."